இந்தியா 1969: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அரசியல் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் 1969-இல் போய் முட்டிக்கொள்கிறது. வங்கி, ஜனாதிபதி, இஸ்ரோ, 'தமிழ்நாடு' என்ற பெயர் என்று எதை எடுத்தாலும் அந்த ஆண்டு குறுக்கே வரும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் தேதிகளை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் பொறுமையாகப் படியுங்கள், சண்டைக் காட்சிகள் நிறைய உண்டு.

1947, 1975, 1991 எல்லாம் இருக்க, 1969-க்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

சுதந்திரம் வாங்கிய கட்சி அந்த ஆண்டுதான் இரண்டாக உடைந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. டெல்லியில் யார் ஆள்வது என்ற கணக்கில் ஒரு மாநிலக் கட்சியின் ஓட்டு தீர்மானிக்கும் எடையோடு விழுந்தது அப்போதுதான். அந்தக் கட்சி திமுக. கணக்கைக் கீழே போட்டே காட்டுகிறேன்.

'தமிழ்நாடு' என்று பெயர் மாறியது 1967-இலா, 1969-இலா?

இரண்டும் சரி, கேள்வியைப் பொறுத்தது. சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது 1967 ஜூலை 18. அன்று முதலமைச்சர் அண்ணா 'தமிழ்நாடு' என்று மூன்று முறை முழங்க, உறுப்பினர்கள் மூன்று முறையும் 'வாழ்க' என்றார்கள். ஆனால் மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான் உண்டு. அங்கே சட்டம் 1968-இல் நிறைவேறி, 1969 ஜனவரி 14, பொங்கலன்று நடைமுறைக்கு வந்தது.

இதற்குப் பின்னால் நீண்ட கதை உண்டு. 1956-இல் விருதுநகரில் சங்கரலிங்கனார் இந்தக் கோரிக்கையையும் முன்வைத்து 76 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டார். அறுபதுகளின் தொடக்கத்தில் மாநிலங்களவையில் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் வங்காளத்துக் கம்யூனிஸ்ட் தலைவர் பூபேஷ் குப்தா. அதை ஆதரித்து அங்கே பேசியவர்களில் அண்ணாவும் ஒருவர். மசோதா தோற்றது. சில ஆண்டுகள் கழித்து அதே அண்ணா முதலமைச்சராக வந்து காரியத்தை முடித்தார்.

மாநிலம் தமிழ்நாடு ஆனாலும் தலைநகரம் 1996 வரை ஆங்கிலத்தில் மெட்ராஸ்தான். உயர் நீதிமன்றத்துக்கு இன்றும் ஆங்கிலத்தில் அந்தப் பெயர்தான்.

அண்ணாவின் இறுதி ஊர்வலத்துக்கு ஒன்றரைக் கோடிப் பேர் வந்தார்களா?

கின்னஸ் புத்தகத்தில் அப்படி ஒரு எண் இருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், நம்புவது கஷ்டம். 1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 4 கோடியே 12 லட்சம். சென்னை நகரில் 25 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. ஒன்றரைக் கோடி என்றால் மாநிலத்தில் மூன்றில் ஒருவருக்கு மேல், கைக்குழந்தை உட்பட, சென்னைக்கு வந்திருக்க வேண்டும்.

எண்ணை விட்டுவிடுவோம். கூட்டம் அதுவரை யாரும் பார்த்திராத கூட்டம் என்பதில் சந்தேகமே இல்லை. புற்றுநோயோடு போராடிய அண்ணா பெயர் மாற்றம் நடந்து மூன்று வாரம்கூட முடியாத நிலையில், பிப்ரவரி 3 அன்று மறைந்தார். அவரைப் பார்க்க ரயிலில் இடமில்லாமல் கூரை மேல் ஏறி வந்தவர்கள் உண்டு. கொள்ளிடம் பாலத்தைக் கடக்கும்போது மேலே இருந்த இரும்புச் சட்டங்கள் மோதி அவர்களில் பலர் இறந்தார்கள். அந்தக் கூட்டத்தின் அளவைப் புரிந்துகொள்ள எனக்கு இது ஒன்றே போதும்.

அவருக்குப் பிறகு உடனே கருணாநிதியா?

இல்லை. பிப்ரவரி 3 முதல் ஒரு வாரம் நெடுஞ்செழியன் தற்காலிக முதலமைச்சராக இருந்தார். கருணாநிதி பதவியேற்றது பிப்ரவரி 10.

புது அரசுக்கு முன்னால் அப்போது கீழ்வெண்மணியின் காயம் ஆறாமல் இருந்தது. 1968 கிறிஸ்துமஸ் இரவில் அந்தக் கிழக்குத் தஞ்சைக் கிராமத்தில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலித் தகராறுதான் வேர். கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டது. கிழக்குத் தஞ்சைக்கான விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் 1969-இல் வந்தது.

காமராசர் அந்த ஆண்டு எங்கே இருந்தார்?

நல்ல கேள்வி. 1967-இல் விருதுநகரில் திமுகவின் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்று வீட்டுக்குப் போனவர், 1969 ஜனவரியில் நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் நின்று பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆக, அந்த ஆண்டின் டெல்லிச் சண்டை முழுவதிலும் அவர் களத்தில் இருந்தார். ஆனால் தோற்கப்போகும் பக்கத்தில்.

1966-இல் சாஸ்திரி மறைந்தபோது இந்திரா காந்தியைப் பிரதமர் நாற்காலியில் உட்காரவைத்ததில் முதல் கை காமராசருடையது. மூன்றே ஆண்டில் இருவரும் எதிரெதிர் அணி. காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா, பம்பாயின் எஸ்.கே. பாட்டீல், வங்காளத்தின் அதுல்ய கோஷ், காமராசர் ஆகியோர் அடங்கிய மூத்தவர் குழுவைப் பத்திரிகைகள் 'சிண்டிகேட்' என்றன. துணைப் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் இருந்த மொரார்ஜி தேசாய் இந்திரா பக்கம் இல்லை என்பதால் அவரும் இவர்களோடு சேர்ந்தார்.

சண்டை எங்கே தொடங்கியது?

ஒரு மரணத்தில். 1969 மே 3 அன்று ஜனாதிபதி ஜாகிர் உசேன் ராஷ்டிரபதி பவனில் காலமானார். பதவியில் இருக்கும்போதே மறைந்த முதல் ஜனாதிபதி அவர். துணை ஜனாதிபதி வி.வி. கிரி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். அடுத்த ஜனாதிபதி யார்?

வெறும் அலங்காரப் பதவிக்கு எதற்கு இத்தனை அடிதடி என்று தோன்றலாம். 1967 தேர்தலில் காங்கிரசின் பெரும்பான்மை சுருங்கியிருந்தது. அடுத்த தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால், யாரை ஆட்சி அமைக்க அழைப்பது என்று முடிவு செய்பவர் ஜனாதிபதி. அந்த இடத்தில் தங்கள் ஆள் இருக்க வேண்டும் என்று சிண்டிகேட் நினைத்தது. அவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பது இந்திராவுக்கும் தெரியும்.

ஜூலையில் பெங்களூரில் காங்கிரஸ் கூடியது. தன் பொருளாதார யோசனைகளை 'அவ்வப்போது தோன்றியவை' என்ற தோரணையில் ஒரு குறிப்பாக எழுதி பக்ருதீன் அலி அகமது கையில் கொடுத்தனுப்பினார் இந்திரா. அவர் நேரில் வந்து சேர்ந்தது பிறகுதான். ஜூலை 12 அன்று ஆட்சிமன்றக் குழுவில் ஜனாதிபதி வேட்பாளருக்கு ஓட்டெடுப்பு நடந்தது. இந்திரா முன்வைத்த பெயர் ஜகஜீவன் ராம். குழு 4-க்கு 2 என்ற கணக்கில் நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தெடுத்தது. பிரதமர் தன் கட்சிக் குழுவிலேயே தோற்றார்.

14 வங்கிகளை ஒரே இரவில் அரசுடைமை ஆக்கியது உண்மையா?

ஒரே இரவு என்பது கொஞ்சம் மிகை. ஆனால் நாள்கணக்குதான்.

பெங்களூரிலிருந்து திரும்பிய இந்திரா ஜூலை 16 அன்று மொரார்ஜியிடமிருந்து நிதித்துறையைப் பறித்தார். மொரார்ஜி ராஜினாமா செய்தார். நிதித்துறை இப்போது இந்திராவின் கையில். ஜூலை 19, சனிக்கிழமை மாலை, அவசரச் சட்டம் தயார். பிரதமரின் செயலாளர் பி.என். ஹக்சர், நிதியமைச்சகத்தின் ஐ.ஜி. படேல், டி.என். கோஷ் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்குத்தான் விஷயம் தெரியும். அன்று இரவு இந்திரா வானொலியில் நாட்டு மக்களிடம் பேசினார்.

ஏன் அந்த சனிக்கிழமை? காலண்டரைப் பாருங்கள். திங்கட்கிழமை, ஜூலை 21, நாடாளுமன்றம் கூடுகிறது. அவை நடக்கும்போது அவசரச் சட்டம் போட முடியாது. தற்காலிக ஜனாதிபதி கிரியோ தேர்தலில் நிற்பதற்காக ஜூலை 20 அன்று பதவி விலகுகிறார். அவர் கையெழுத்து வேண்டுமென்றால் சனிக்கிழமைக்குள் வாங்கிவிட வேண்டும். வாங்கினார்கள்.

டெபாசிட் 50 கோடி ரூபாய்க்கு மேல் வைத்திருந்த 14 வங்கிகள் பட்டியலில் வந்தன. நாட்டின் வங்கி டெபாசிட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் இவற்றிடம் இருந்தது. சென்னையில் தலைமையகம் கொண்டவை இரண்டு. 1906-இல் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஊரே அழுதபின் 1907-இல் வழக்கறிஞர் கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று உருவாக்கிய இந்தியன் வங்கி ஒன்று. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கி இன்னொன்று.

அதனால் சாதாரண ஆளுக்கு என்ன கிடைத்தது?

கிளை கிடைத்தது. 1969 ஜூனில் நாடு முழுக்க இருந்த வணிக வங்கிக் கிளைகள் 8,262. அவற்றில் கிராமத்தில் இருந்தவை 1,833 மட்டுமே. விவசாயத்துக்குப் போன வங்கிக் கடன் மொத்தத்தில் சுமார் 2 சதவீதம். மில் முதலாளிக்குக் கடன் கொடுக்கும் வங்கியை நடத்துபவரே இன்னொரு மில் முதலாளி என்ற நிலைமை. கிராமத்தில் கடன் வேண்டுமானால் அடகுக்கடை, கந்துவட்டி, இல்லாவிட்டால் பண்ணையார்.

தேசியமயத்துக்குப் பின் கிளைகள் கிராமம் கிராமமாகப் போயின. கூடவே அரசியல்வாதி சொல்லும் கடன், திரும்பாத கடன், 'லஞ்ச் டைம்' பலகை எல்லாமும் வந்தன. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அரசியல் காரணத்துக்காக, அவசரமாக எடுத்த முடிவு ஒன்று கிராமத்துக்குப் பெரிய நன்மை செய்தது என்பதே என் கணிப்பு.

உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டதே?

ஆமாம், 1970 பிப்ரவரி 10 அன்று. ஆர்.சி. கூப்பர் வழக்கு. நானி பல்கிவாலா வாதாடினார். 11 நீதிபதிகளில் 10 பேர் சட்டம் செல்லாது என்றார்கள், ஏ.என். ரே மட்டும் மாறுபட்டார். நான்கே நாளில், பிப்ரவரி 14 அன்று, அரசு இழப்பீட்டைத் திருத்தி இன்னோர் அவசரச் சட்டம் போட்டது. வங்கிகள் திரும்பிப் போகவில்லை.

அந்த 14 பெயர்களில் இன்று மிச்சம் 10. அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், யுனைடெட் வங்கி பஞ்சாப் நேஷனல் வங்கியோடும், தேனா வங்கி பரோடா வங்கியோடும் இணைந்துவிட்டன.

1969 ஜனாதிபதி தேர்தலில் என்ன விசேஷம்?

இந்தியாவில் இரண்டாவது விருப்ப ஓட்டுகளை எண்ணி ஜனாதிபதியைத் தீர்மானித்த ஒரே தேர்தல் அது. சுயேச்சையாக நின்று ஜெயித்த ஒரே ஜனாதிபதியும் கிரிதான்.

அவரைப் பற்றி ஒரு வரி. ஒடிசாவின் பெர்ஹாம்பூரில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த தொழிற்சங்கத் தலைவர். அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1937-இல் ராஜாஜியின் அமைச்சரவையில் தொழிலாளர் நலத்தைக் கவனித்தவர்.

காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. அவருடைய வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவரே இந்திராதான். சுதந்திரா, ஜனசங்கம் கட்சிகளின் வேட்பாளர் சி.டி. தேஷ்முக். நிஜலிங்கப்பா அந்தக் கட்சிகளிடம் போய், 'உங்கள் இரண்டாவது விருப்பத்தையாவது ரெட்டிக்குக் கொடுங்கள்' என்று கேட்டார். அதைப் பிடித்துக்கொண்டது இந்திரா அணி. கொறடா உத்தரவு கிடையாது, மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார் இந்திரா. யாருடைய பெயரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

ஆகஸ்ட் 16 ஓட்டுப்பதிவு, 20 எண்ணிக்கை. ஜெயிக்கத் தேவை 4,18,169. முதல் சுற்றில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. யாரும் எட்டவில்லை. கீழே இருந்தவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்கள் சீட்டில் '2' என்று எழுதியிருந்த பெயருக்கு ஓட்டை மாற்றினார்கள். தேஷ்முக்கின் ஓட்டுகள் மாறியபோது ரெட்டியின் கணக்கு மளமளவென்று ஏறியது. நிஜலிங்கப்பா கேட்ட உதவி கிடைத்தேவிட்டது. ஆனாலும் போதவில்லை. கடைசிக் கணக்கு: கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வித்தியாசம் 14,650.

அதில் திமுக எங்கே வருகிறது?

இங்கேதான். ஜனாதிபதி தேர்தலில் எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. அப்போது ஒரு எம்.பி.யின் ஓட்டு 576. எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு மாநில மக்கள்தொகையைப் பொறுத்தது. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவருக்கு 144.

1967-இல் திமுக வென்றவை மக்களவையில் 25, சட்டமன்றத்தில் 137. இடையில் ஒன்றிரண்டு இடங்கள் கூடிக் குறைந்திருக்கும், அதை விடுவோம். 25 × 576 = 14,400. 137 × 144 = 19,728. கூட்டினால் 34,128. மாநிலங்களவை உறுப்பினர்களைச் சேர்க்காமலே இந்தக் கணக்கு. திமுக ஆதரித்தது கிரியை. கிரி ஜெயித்த வித்தியாசம் 14,650.

சரி, 'எங்களால்தான் ஜெயித்தார்' என்று இடதுசாரிகளும் இன்னும் சில கட்சிகளும்கூட இதே மாதிரிக் கணக்குப் போடலாம், அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை. ஆனால் காமராசர் நிறுத்திய வேட்பாளர் தோற்றதில் காமராசரைத் தோற்கடித்த கட்சியின் ஓட்டும் இருந்தது என்பதை மறக்க முடியவில்லை.

ஒரு தலைமை நீதிபதி ஜனாதிபதியாக இருந்தாராமே?

எம். ஹிதாயத்துல்லா. கிரி விலகிய ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 24 வரை. துணை ஜனாதிபதியும் இல்லாவிட்டால் தலைமை நீதிபதி பொறுப்பேற்கலாம் என்று மே மாதம்தான் சட்டம் செய்திருந்தார்கள். அந்த ஐந்து வாரத்துக்குள் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் டெல்லிக்கு வந்துபோனார்.

காங்கிரஸ் உடைந்தது எந்தத் தேதி?

ஒரு தேதி சொல்லியாக வேண்டுமென்றால் நவம்பர் 12. அன்று நிஜலிங்கப்பா தரப்பின் காரியக் கமிட்டி, பிரதமராக இருந்த இந்திராவையே கட்சியிலிருந்து நீக்கியது. அதற்கு முன்பே, நவம்பர் 1 அன்று, ஒரு கமிட்டி ஜந்தர் மந்தர் சாலைக் கட்சி அலுவலகத்திலும் இன்னொன்று பிரதமர் வீட்டிலும் தனித்தனியாகக் கூடியாகிவிட்டது.

மக்களவையில் ஏறக்குறைய 220 காங்கிரஸ் எம்.பி.க்கள் இந்திரா பக்கம் நின்றார்கள். அறுபதுக்குச் சற்று மேல் எதிர்ப்பக்கம். பெரும்பான்மைக்கு நாற்பது பேர் குறைந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பியவர்களில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியும் 25 பேர் கொண்ட திமுகவும் முக்கியம். எதிர்ப்பக்கம் போனவர்களின் தலைவர் ராம் சுபக் சிங், டிசம்பரில் மக்களவையின் முதல் அங்கீகரிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் ஆனார்.

நம் ஊரில் ஒன்று 'இந்திரா காங்கிரஸ்', மற்றது 'ஸ்தாபன காங்கிரஸ்'. காமராசர் ஸ்தாபனத்தில். சி. சுப்பிரமணியம் இந்திராவோடு போனார். ஜகஜீவன் ராம் வரும்வரை அந்தக் கட்சிக்கு இடைக்காலத் தலைவராகவும் இருந்தார். இரட்டைக் காளைச் சின்னம் இருவருக்கும் இல்லாமல் போயிற்று. 1971-இல் இந்திராவுக்குப் பசுவும் கன்றும்.

தெலங்கானா போராட்டம் 1969-லேயே நடந்ததா?

நடந்தது, அதுவும் கடுமையாக. 1956-இல் ஆந்திராவோடு சேரும்போது வேலையிலும் நிதியிலும் தெலங்கானாவுக்குப் பாதுகாப்பு உண்டு என்று தலைவர்கள் ஒப்பந்தம் போட்டார்கள். அது காற்றில் போனது என்பதுதான் கோபம். ஜனவரியில் மாணவர்கள் தொடங்கினார்கள். உஸ்மானியா பல்கலைக்கழகம் மையமானது. பிறகு சென்னா ரெட்டி தலைமை ஏற்றார். துப்பாக்கிச்சூட்டில் இறந்தவர்கள் 369 பேர் என்பது போராட்டத் தரப்பின் எண்ணிக்கை. 1971 மக்களவைத் தேர்தலில் அவர் கட்சி 10 இடம் வென்றது, அப்புறம் காங்கிரசில் கரைந்தது. தனி மாநிலம் வர 2014 ஜூன் 2 வரை ஆயிற்று.

அந்த ஆண்டின் இருண்ட பக்கம் எது?

ஆமதாபாத். காந்தி பிறந்த நூற்றாண்டு நிறைவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, செப்டம்பர் 18 அன்று, அவர் ஆசிரமம் அமைத்த நகரத்தில் கலவரம் தொடங்கியது. அரசுக் கணக்கிலேயே சுமார் 660 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். நூற்றாண்டு விழாவுக்கென்று அழைக்கப்பட்ட எல்லை காந்தி கான் அப்துல் கபார் கான் அக்டோபர் 1 அன்று கையில் ஒரு துணி மூட்டையோடு டெல்லியில் வந்திறங்கினார். மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார். விழாப் பேச்சுகளைவிட அது உறைத்தது.

பஞ்சாபில் தர்ஷன் சிங் பெருமான் சண்டிகரைத் தங்கள் மாநிலத்துக்குக் கேட்டு 74 நாள் பட்டினி கிடந்து அக்டோபர் 27 அன்று இறந்தார். நமக்குச் சங்கரலிங்கனார் நினைவு வராமல் இருக்காது.

நக்சல் கட்சி எப்போது உருவானது?

மேற்கு வங்கத்தின் நக்சல்பாரியில் விவசாயிகள் எழுச்சி 1967. சாரு மஜும்தார் தலைமையில் மார்க்சிஸ்ட்-லெனினிஸ்ட் கட்சி உருவானது 1969 ஏப்ரல் 22. அறிவித்தது மே தினத்தன்று, கல்கத்தா மைதானத்தில், கனு சன்யால்.

இஸ்ரோ பிறந்த நாள்?

ஆகஸ்ட் 15. ஆனால் அன்றுதான் முதல் ராக்கெட் விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். தும்பாவிலிருந்து 1963-லேயே ராக்கெட் போய்விட்டது. 1962-இல் அமைந்த விண்வெளி ஆய்வுக் குழுவின் வேலையைத் தொடர, அணுசக்தித் துறையின் கீழ் விக்ரம் சாராபாய் தலைமையில் வந்த அமைப்புதான் இஸ்ரோ. ஸ்ரீஹரிகோட்டாவைத் தேர்ந்தெடுத்ததும் அதே ஆண்டு. தும்பாவில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்களில் ராமேஸ்வரத்து அப்துல் கலாமும் ஒருவர். நாட்டின் முதல் அணுமின் நிலையமான தாராப்பூர் அக்டோபரில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது.

நிலவில் இறங்கியதை இந்தியாவில் டிவியில் பார்த்தார்களா?

நேரலையாக இல்லை. டெல்லியில் மட்டும்தான் டிவியே இருந்தது. இங்கே ஜூலை 21 அதிகாலை. ரேடியோவில் கேட்டார்கள், பேப்பரில் படம் பார்த்தார்கள். வங்கிச் செய்தியும் நிலவுச் செய்தியும் முதல் பக்கத்துக்கு அடித்துக்கொண்ட வாரம் அது. ஆம்ஸ்ட்ராங் குழுவினர் அக்டோபர் இறுதியில் பம்பாய்க்கு நேரிலேயே வந்தார்கள்.

ராஜ்தானி ரயில்?

மார்ச் 1. டெல்லி–ஹவுரா, 17 மணி 20 நிமிடம், அதிகபட்ச வேகம் மணிக்கு 120 கி.மீ.

வீட்டில் காந்தி தலை போட்ட பழைய காசு இருக்கிறது. 1948 என்று இருக்கிறது, விலை போகுமா?

மாதம் ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். காசைத் திருப்பிப் பாருங்கள். காந்தி தலைக்குப் பக்கத்தில் '1869–1948' என்று இருக்கும். அது அவர் வாழ்ந்த காலம், காசு அடித்த ஆண்டு இல்லை. அடித்த ஆண்டே அதில் போடவில்லை. நூற்றாண்டுக்காக 1969-இல் வந்தது. மஞ்சள் நிற 20 பைசா, 50 பைசா, 1 ரூபாய், அப்புறம் வெள்ளி கலந்த 10 ரூபாய். முதல் மூன்றும் ஏராளமாக அடிக்கப்பட்டவை, கனவு காண வேண்டாம். நோட்டில் காந்தி படம் வந்ததும் முதன்முதலாக அந்த ஆண்டுதான். நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் சேவாகிராமம் குடிலுக்கு முன் உட்கார்ந்திருப்பார்.

கிரிக்கெட்டில் என்ன நடந்தது?

நவம்பரில் பில் லாரியின் ஆஸ்திரேலிய அணி வந்தது. பம்பாய் டெஸ்டுக்கு நம் வெங்கட்ராகவனைச் சேர்க்கவில்லை. ஊர்க்காரர்கள் கொதித்தார்கள், சுப்ரதோ குகா விட்டுக்கொடுக்க வெங்கட் உள்ளே வந்தார். அதே ஆட்டத்தில் அவருக்குக் கொடுத்த அவுட் தப்பு என்று ரேடியோ வர்ணனையாளர் சொல்லப்போக, மைதானத்தில் தீ வைத்தார்கள். தமிழ்நாட்டுக்காரர் ஒருவருக்காகப் பம்பாய் கொளுத்தப்பட்டது அன்றைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன். சிவசேனா தென்னிந்தியர்களை விரட்டிக்கொண்டிருந்த காலம் அது.

அடுத்து கான்பூரில் ஜி.ஆர். விஸ்வநாத் அறிமுகம். முதல் இன்னிங்சில் பூஜ்யம், இரண்டாவதில் 137. டெல்லியில் பேடியும் பிரசன்னாவும் ஐந்தைந்து விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியாவை 107-க்குச் சுருட்டினார்கள், இந்தியா ஜெயித்தது. கிறிஸ்துமஸ் நேரத்தில் சேப்பாக்கத்தில் பிரசன்னா 24 ரன்னுக்கு 6 விக்கெட் என்ற நிலைக்கு அவர்களைத் தள்ளினார். ரெட்பாத் 63 அடித்துக் காப்பாற்றிவிட்டார். தொடர் 3–1 என்று ஆஸ்திரேலியாவுக்குப் போயிற்று.

1969-இல் பிறந்தவர், மறைந்தவர் சிலர்?

மறைந்தவர்களில் அண்ணா, ஜாகிர் உசேன், நடிகை மதுபாலா. பிறந்தவர்களில் எனக்கு ஒருவர் போதும்: டிசம்பர் 11, மயிலாடுதுறை, விஸ்வநாதன் ஆனந்த்.

தேர்வில் 1969 என்று தவறாக எழுதப்படுபவை?

மன்னர் மானிய ஒழிப்பு: பேச்சு 1969-இல் சூடுபிடித்தது, சட்டத் திருத்தம் 1971. 'வறுமையே வெளியேறு': 1971 தேர்தல் முழக்கம். ரிசர்வ் வங்கி தேசியமயம் 1949, ஸ்டேட் வங்கி 1955, மேலும் ஆறு வங்கிகள் 1980. ஏகபோகத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது 1969 டிசம்பர், நடைமுறை 1970 ஜூன். நாட்டு நலப்பணித் திட்டம் மட்டும் சந்தேகமே இல்லாமல் 1969, செப்டம்பர் 24.

யாரும் கேட்காத ஒன்றைச் சொல்லுங்களேன்?

ஆகஸ்ட் 15 அன்று, இங்கே இஸ்ரோ பிறந்த அதே தேதியில், அமெரிக்காவில் உட்ஸ்டாக் இசை விழா தொடங்கியது. லட்சக்கணக்கான இளைஞர்கள் முன் மேடையேறித் தொடக்க உரை ஆற்றியவர் காவி உடுத்திய ஒரு சாமியார், சுவாமி சச்சிதானந்தர். சொந்த ஊர் கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையம். அன்று இரவு மழையில் ரவிசங்கர் சிதார் வாசித்தார்.